சப்போட்டாப் பால் இறக்கியவர்களின் தடம்

குவாத்தமாலாவின் வடகோடியில் இருக்கிறது பெத்தேன் மாநிலம். அதன் தலைநகரான ஃப்ளோரெஸ், ஏரிக்குள் ஒரு சின்னத் தீவு. அங்கிருந்து வடக்கே மண்சாலையில் சில மணி நேரம் குலுங்கிக்கொண்டே போனால் கார்மெலிதா என்ற சிற்றூர் வரும். சாலை அதோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் மெக்சிகோ எல்லை வரைக்கும் காடுதான். அந்தக் காட்டுக்குள் இரண்டு நாள் நடந்தால் எல் மிரதோர் வரும். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே மாயா மக்கள் எழுப்பிய பெருநகரம் அது. மாயா நாகரிகம் என்றதும் நம் நினைவுக்கு வரும் திக்கால், சிச்சென் இட்சா கோயில்கள் எல்லாம் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே இந்நகரம் உச்சத்தைத் தொட்டுக் கைவிடப்பட்டும் விட்டது.

40 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தக் காட்டுத்தடத்தை யார் போட்டார்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. அரசு போடவில்லை. தொல்லியலாளர்கள் போடவில்லை. சுற்றுலாக்காரர்களுக்காக யாரும் போடவும் இல்லை. சூயிங்கம் செய்வதற்கான மரப்பாலைத் தேடிக் காட்டுக்குள் போன கூலித்தொழிலாளிகளும் அவர்களுடைய கோவேறு கழுதைகளும் நடந்து நடந்து விழுந்த தடம் அது. அவர்களை அங்கே சிக்லேரோக்கள் என்பார்கள். இன்று மாயா இடிபாடுகளைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு அந்தத் தொழிலாளிகளின் கால்கள் வழியாக வந்தது. அந்தக் கடன் இன்னும் முழுதாகத் தீர்க்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவர்கள் தேடிய மரம் நமக்கு அந்நியமில்லை. நம் தோட்டங்களில் நிற்கும் சப்போட்டாதான் அது. ஸ்பானியர்கள் வழியாக ஆசியாவுக்கு வந்த அம்மரத்தின் தாயகம் தெற்கு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். நம் ஊரில் ஒட்டுக்கட்டிய சப்போட்டா கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கிறது. பெத்தேன் காட்டில் அதே இனம் 30 மீட்டர் உயரம் போய்க் காட்டின் மேற்கூரையாக நிற்கிறது. அதன் பட்டையைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். மழைக்காலத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் சேறும் கொசுவும் உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் சிக்லேரோ காட்டுக்குள் போயாக வேண்டும்.

வேலை நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இடுப்பைச் சுற்றிய கயிற்றை மரத்தோடு பிணைத்துக்கொண்டு, காலில் இரும்பு முள் கட்டி, சிக்லேரோ அடியிலிருந்து மேலே ஏறுவார். ஏறிக்கொண்டே நீள வெட்டுக்கத்தியால் பட்டையில் இடமும் வலமுமாகச் சாய்வு வாய்க்கால்களை வெட்டுவார். ஒவ்வொரு வெட்டும் அதற்குக் கீழே உள்ள வெட்டில் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் உச்சியில் கசியும் பால் வளைந்து வளைந்து இறங்கி அடியில் கட்டிய பையில் விழும். வெட்டு ஆழமாகிவிட்டால் மரம் பட்டுப்போகும். மேலோட்டமாக இருந்தால் பால் வராது. வீசிய கத்தி தன்னைத் தாங்கும் கயிற்றிலேயே பட்டு, விழுந்து இறந்தவர்கள் உண்டு. சேர்ந்த பாலைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி, நீர் வற்றும்வரை விடாமல் கிளறி, அச்சில் வார்த்துக் கட்டிகளாக்குவார்கள். ஒருமுறை வெட்டிய மரம் மறுபடி பால் தரச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே, புதிய மரம் தேடி மேலும் மேலும் உள்ளே போவதே அத்தொழிலின் இயல்பு. கார்மெலிதா தடத்தில் இன்று நடப்பவர்கள் பெரிய சப்போட்டா மரங்களின் உடம்பில் அந்தப் பழைய வெட்டுத் தழும்புகளைப் பார்க்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கின் தாமஸ் ஆடம்ஸ் இந்தப் பாலைச் சூயிங்கமாக்கி விற்கத் தொடங்கினார். பின்னர் ரிக்லி போன்ற நிறுவனங்கள் அதை உலக வியாபாரமாக்கின. கார்மெலிதாவிலும் உவாஷக்தூன் என்ற ஊரிலும் காட்டை வெட்டி விமான ஓடுதளம் போட்டது கட்டிகளை ஏற்றிச் செல்லத்தான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாயின் உணவுப் பொட்டலத்தில் சூயிங்கமும் இருந்ததால் தேவை உச்சத்துக்குப் போனது. போர் முடிந்தபின் பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கைப் பசை வந்து தொழிலைச் சரித்தது. ஊர்கள் மட்டும் அங்கேயே நின்றன.

மரம் தேடிப் போனவர்கள் கண்ணில் இடிபாடுகள் படாமல் இருக்க வழியில்லை. சப்போட்டா நீர் தேங்காத மேட்டு நிலத்தில் நன்றாக வளரும். மாயா மக்களும் அதே மேட்டு நிலத்தில்தான் ஊர் கட்டினார்கள். இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் சில்வானஸ் மார்லி. கார்னெகி நிறுவனத்தின் தொல்லியலாளரான அவர், எழுத்து பொறித்த கல் இருக்கும் இடத்தைச் சொல்லும் சிக்லேரோவுக்கு 25 டாலர் பரிசு என்று அறிவித்தார். 1916இல் உவாஷக்தூன் இடிபாடு அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. மெக்சிகோ பக்கத்தில் காலக்முல் நகரத்தை 1931இல் வானிலிருந்து கண்ட சைரஸ் லண்டெல் தாவரவியலாளர். அவரை அங்கே கொண்டுபோனதும் சூயிங்கம் தொழில்தான்.

நூல்களில் இவையெல்லாம் 'கண்டுபிடிப்பு' என்று பதிவாகியிருக்கின்றன. திக்கால் 1848இல் கண்டுபிடிக்கப்பட்டதாகப் படிக்கிறோம். அந்த ஆண்டு பெத்தேனின் ஆளுநர் மொதெஸ்தோ மெந்தெஸ் அங்கே போனார் என்பது உண்மை. அவருக்கு முன்பே அந்த இடத்தை அறிந்து அவரிடம் சொன்னவர் அம்ப்ரோசியோ துத் என்ற உள்ளூர் மாயா தலைவர். பொனம்பாக் என்ற இடிபாட்டின் புகழ்பெற்ற சுவரோவியங்களை 1946இல் கைல்ஸ் ஹீலி வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். அவரை அந்த அறைகளுக்கு அழைத்துப்போனவர்கள் லகந்தோன் மாயா மக்கள். தம் முன்னோரின் கோயில்களில் சாம்பிராணி போலக் கொபால் பிசினைப் புகைத்து வழிபடும் வழக்கத்தை அதுவரை விடாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள். தொலைந்துபோன நகரம் என்று எழுதுவதை நாம் நிறுத்திக்கொள்வது நல்லது. அருகில் வாழ்ந்தவர்களிடமிருந்து அது ஒருபோதும் தொலையவில்லை.

இனி நடையைப் பற்றி. வெளியூர்க்காரர்கள் பிப்ரவரி முதல் மே வரையிலான கோடையில்தான் பெரும்பாலும் போகிறார்கள். மழை பிடித்துவிட்டால் தடம் சேறாகிவிடும், கோவேறு கழுதையே வயிறுவரை புதையும். தாழ்வான சதுப்புப் படுகைகளை அங்கே பாஹோ என்பார்கள். கோடையில் அவற்றின் களிமண் காய்ந்து, கழுதைக் குளம்புகள் பதித்த குழிகளோடு அப்படியே இறுகிவிடும். அந்தக் குழிகளின் மேல் நடப்பது கணுக்காலுக்குப் பெரிய சோதனை. பாஹோவில் மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, முள்ளோடு இருக்கும். தரை சற்றே ஏறியதும் காட்டின் முகம் மாறிவிடும். மரங்கள் நெடிதுயரும், நிழல் அடரும், காலடியில் சுண்ணாம்புக்கல் தட்டும். அந்த ஏற்றத்தில் பாதி இயற்கை, பாதி மனிதர் செய்தது. செங்குத்தாக, சீரான சரிவோடு ஒரு குன்று தென்பட்டால் அது குன்றாக இருக்க வாய்ப்பு குறைவு.

காட்டின் ஆபத்துகளை மிகைப்படுத்தி எழுதுவது பயணக் கட்டுரைகளின் வழக்கம். உண்மையில் அஞ்ச வேண்டியவை சில உண்டு. பார்பா அமரியா என்னும் கொடிய விரியன் இலைச்சருகின் நிறத்தில் சுருண்டு கிடக்கும். செச்சேம் மரத்தின் கறுத்த பால் தோலில் பட்டால் வெந்துபோகும். மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா நோய் சிக்லேரோக்களின் காது மடலைத் தின்றுவிடும். அது அவர்களுக்கே உரிய நோயாக இருந்ததால் 'சிக்லேரோப் புண்' என்றே மருத்துவ நூல்களில் பெயர் பெற்றது. விடியற்காலையில் காட்டை அதிரவைக்கும் உறுமலைக் கேட்டுப் புதியவர்கள் ஜாகுவார் என்று பயப்படுவார்கள். அது ஊளைக்குரங்கு, ஒன்றும் செய்யாது.

எல்லாவற்றையும்விட நடப்பவரை வாட்டுவது தாகம். மழைக்காட்டில் தண்ணீர்ப் பஞ்சம் என்பது கேட்க விசித்திரமாக இருக்கும். பெத்தேனின் உட்பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழை விரிசல்கள் வழியாக ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. மிரதோர் வட்டாரத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறே இல்லை. நிலத்தடி நீர் கிணறு தோண்டி எட்டக்கூடிய ஆழத்திலும் இல்லை. பயணக் குழுவின் குடிநீரைக் கழுதைகள்தான் சுமக்கின்றன. அப்படியானால் பல்லாயிரம் பேர் வாழ்ந்த நகரங்கள் இங்கே எப்படி நின்றன?

பிடித்துவைத்த மழைநீரில் நின்றன என்பதே விடை. நகரத்தின் சதுக்கங்களுக்கெல்லாம் சுண்ணாம்புச் சாந்து பூசி, லேசான சாய்வு கொடுத்து, விழும் ஒவ்வொரு துளியும் குளங்களுக்குப் போய்ச் சேரும்படி கட்டினார்கள். நகரமே ஒரு நீர்ப்பிடிப்புப் பரப்பு. திக்காலின் கொரியெந்தல் என்ற குளத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்த குவார்ட்ஸ் மணலும் சியோலைட் கனிமமும் இருந்ததை 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. இன்றைய நீர்வடிகட்டிகளிலும் பயன்படும் பொருள்கள் அவை. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு மறுபக்கத்தைச் சொன்னது. அரண்மனையை ஒட்டிய குளங்களின் வண்டலில் பாதரசமும் நச்சுப் பாசியின் தடயங்களும் கிடைத்தன. சுவர்களில் பூசிய சிவப்புச் சாயம் பாதரசக் கனிமம். மழை அதைக் கழுவிக் கழுவி அரசரின் குடிநீரில் சேர்த்துவிட்டது. ஒரே நகரத்தில் ஒரு குளம் வடிகட்டப்பட்டிருக்கிறது, மற்றவை நஞ்சாகியிருக்கின்றன. மாயா மக்களை எல்லாம் அறிந்த ஞானிகளாகவோ, காட்டை அழித்துத் தாமும் அழிந்த மூடர்களாகவோ சித்தரிக்கும் இரண்டு வகை எழுத்துக்கும் இந்தக் குளங்கள் இடம் தரவில்லை.

முதல் நாள் நடை எல் திந்தல் என்ற இடிபாட்டில் முடியும். அங்கிருந்து மிரதோர் போகும் வழியில் பழைய மேட்டுச்சாலைகள் குறுக்கிடுகின்றன. பாஹோக்களுக்கு மேலாகக் கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்தி, வெள்ளைச் சாந்து பூசிய அகலமான சாலைகள். இன்று அவற்றின்மேல் மரங்கள் வளர்ந்து நிற்பதால், வழிகாட்டி நின்று இரு பக்கமும் சரியும் தரையைக் காட்டினால்தான் சாலை கண்ணுக்குத் தெரியும். ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு பார்க்கும் இடமெல்லாம் அது தெரியத் தொடங்கும்.

மிரதோரின் பெரிய கட்டடம் லா தந்தா. அடித்தளத்திலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 72 மீட்டர். ஒன்றின்மேல் ஒன்றாகப் பரந்த மேடைகள், உச்சி மேடையில் நடுவே ஒரு பெரிய கோயிலும் முன்னால் எதிரெதிராக இரண்டு சிறியவையும். மரப்படிகளில் ஏறி உச்சிக்குப் போனால் நாற்புறமும் தொடுவானம்வரை பச்சை. அந்தப் பச்சையில் அங்கங்கே புடைத்து நிற்பவை வேறு நகரங்களின் கோயில்கள். இயன் கிரகாம் 1962இல் இவ்விடத்தை முதன்முதலில் வரைபடமாக்கினார். பின்னர் ரே மத்தெனி, புரூஸ் டாலின், ரிச்சர்ட் ஹான்சன் ஆகியோரின் அகழாய்வுகளே இது கி.மு. காலத்து நகரம் என்பதை ஐயமின்றி நிறுவின. அதுவரை மாயா நாகரிகத்தின் தொடக்க கட்டத்தில் எளிய கிராமங்களே இருந்தன என்று பாடநூல்கள் சொல்லிவந்தன.

உச்சியில் நின்று கண்ணால் காண்பது மிகக் குறைவு. விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளைப் பாய்ச்சி, இலைகளுக்கு இடையே நழுவித் தரையைத் தொட்டுத் திரும்பும் சிலவற்றை மட்டும் வைத்துத் தரையின் உருவத்தை வரையும் லைடார் முறை வந்தபின்தான் முழு அளவு புரியத் தொடங்கியது. குவாத்தமாலாவின் பகுனாம் அறக்கட்டளை முன்னின்று பெத்தேனில் 2,144 சதுர கிலோமீட்டர் பரப்பை அப்படி அளந்தது. 2018இல் வெளியான முடிவுகளில் 61,480 கட்டுமானங்கள் எண்ணப்பட்டன. கால்வாய்கள், வரப்புக் கட்டிய சரிவுகள், கோட்டை மதில்கள் ஆகியவையும் தென்பட்டன. கி.பி. 650 முதல் 800 வரையான காலத்தில் மாயா நடுத்தாழ்நிலத்தில் 70 லட்சம் முதல் 1 கோடியே 10 லட்சம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் மதிப்பீடு. மதிப்பீடுதான், விவாதத்துக்கு உரியது. ஆனாலும் காட்டுக்கு நடுவே தனியாக நின்ற சில கோயில்கள் என்ற பழைய சித்திரம் இனி நிற்காது. 2024இல் மெக்சிகோவின் கம்பெச்சே மாநிலத்தில் வலேரியானா என்ற நகரம் வெளிப்பட்டது. காட்டின் கரிம இருப்பை அளக்க 2013இல் எடுத்துப் பொதுவில் வைத்திருந்த லைடார் தரவை ஓர் ஆய்வு மாணவர் எடுத்துப் பார்த்ததில் கிடைத்தது அது. உழவர்கள் பயிர் செய்துகொண்டிருந்த இடம், சாலையிலிருந்து அதிகத் தூரமும் இல்லை.

அத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்றால் அத்தனை காடு அன்று இருந்திருக்க முடியாது. பெத்தேன் ஏரிகளின் அடியில் துளையிட்டெடுத்த வண்டல் இதை உறுதிசெய்கிறது. மாயா காலத்து அடுக்கில் மர மகரந்தம் குறைகிறது. மேட்டு நிலங்களிலிருந்து அரித்துவந்த களிமண் தடித்துப் படிகிறது. மக்கள் போனபின் மகரந்தம் திரும்புகிறது. பெத்தேன் இட்சா ஏரியின் வண்டலை ஆராய்ந்த குழு, காடு மீள 80 முதல் 260 ஆண்டுகள் போதுமானதாக இருந்தது என்று 2010இல் எழுதியது. ஆக, நாம் கன்னிக்காடு என்று மயங்கும் இந்த வனம் ஏறத்தாழ ஆயிரம் வயதுடையது. நகரங்களுக்குப் பிந்தியது. வயல்களிலும் கொல்லைகளிலும் முளைத்தது.

திக்காலின் கோயில் வாசல்களில் உத்திரமாக வைத்த கட்டைகள் இந்த வரலாற்றை இன்னும் துல்லியமாகச் சொல்கின்றன. அவை சப்போட்டா மரம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஈரத்திலும் கரையானிலும் நிலைத்து நின்றவை. நான்காம் கோயிலின் செதுக்கிய உத்திரங்களை 1870களில் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோனார்கள், அவை இப்போது சுவிட்சர்லாந்தின் பாசெல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதலாம் கோயிலின் உத்திரம் கி.பி. 695இல் திக்கால் அரசன் ஹசாவ் சான் கவீல் காலக்முலை வென்றதைப் பதிவுசெய்கிறது. அக்கட்டையின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையில் 2013இல் கணித்தபோது, மாயா நாட்காட்டியை நம் நாட்காட்டியோடு பொருத்த ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் கணக்கு சரிதான் என்பது உறுதியானது. கட்டைகளை அளந்து பார்த்த டேவிட் லென்ட்ஸும் பிரையன் ஹாக்கடேயும் 2009இல் வேறொன்றைக் கவனித்தார்கள். எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு பெரிய சப்போட்டா கிடைக்காமல், பாஹோவில் வளரும் முடிச்சு விழுந்த சாயமரத்துக்குத் தச்சர்கள் மாறியிருக்கிறார்கள். செதுக்குவதற்கு இணங்காத மரம் அது. கி.பி. 810இல் கட்டிய ஒன்றில் சப்போட்டா மறுபடியும் வருகிறது, முன்னைவிட மெல்லிய கட்டைகளாக. திக்காலில் தேதி பொறித்த கடைசிக் கல்தூண் கி.பி. 869ஐச் சேர்ந்தது. வறட்சி, போர், ஆட்சிச் சிதைவு என்று சரிவுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று இந்த உத்திரங்களின் குறுக்களவில் எழுதியிருக்கிறது.

இடிபாடுகளைச் சுற்றி ரமோன், சப்போட்டா போன்ற பயன்மரங்கள் ஏன் இத்தனை அடர்த்தியாக நிற்கின்றன என்பது பழைய சர்ச்சை. மாயா கொல்லைகளின் எச்சம் அவை என்று 1960களில் டென்னிஸ் புலஸ்டன் வாதிட்டார். ரமோனுக்கு நீர் வடியும் சுண்ணாம்புத் தரை பிடிக்கும், இடிந்த கட்டடமும் அத்தகைய தரைதானே என்று மறுத்தவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் பாதிப்பாதி உண்மையாகத் தோன்றுகிறது. பெலீஸ் எல்லையில் எல் பிலார் இடிபாட்டைச் சுற்றி ஆனபெல் ஃபோர்டும் உள்ளூர் உழவர்களும் பல்லாண்டுகளாகச் செய்த வேலையைப் பார்த்தால், மனிதர் கையாண்ட காடு என்ற பக்கமே கனக்கிறது. எதை வெட்டுவது, எதை விடுவது என்ற அறிவு, காட்டைச் சுழற்சியில் திருத்திப் பயிரிடும் மில்பா உழவரிடம் இன்றும் இருக்கிறது.

காட்டில் நடப்பவர் ஏறக்குறைய ஒவ்வொரு இடிபாட்டிலும் காணும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். கோயில் மேடையின் வயிற்றைக் கிழித்து உள்ளே போகும் குழிகள். கல்லறையில் இருக்கும் வண்ணப் பானைகளுக்காகக் கொள்ளையர் தோண்டியவை. 1960களிலும் 70களிலும் கல்தூண்களின் முகத்தை ரம்பத்தால் பலகை பலகையாக அறுத்து எடுத்துப்போனார்கள். முகம் போன கல் முதுகோடு மட்டும் காட்டில் நிற்கும். எல் பெரு-வாகா என்ற நகரத்தின் அரசி கபெல் உருவம் செதுக்கிய 34ஆம் கல்தூணின் முகம் 1967 முதல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவள் கல்லறை என்று ஆய்வாளர்கள் கருதும் ஒன்று 2012இல் அதே எல் பெரு-வாகாவில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. எலும்பு குவாத்தமாலாவில், முகம் கிளீவ்லாந்தில். மச்சகிலா என்ற இடிபாட்டின் 2ஆம் கல்தூணை இயன் கிரகாம் முன்பே படமெடுத்து வைத்திருந்ததால்தான் அதைத் திருடி விற்க முயன்றவர்களை அமெரிக்க நீதிமன்றம் 1970களில் தண்டிக்க முடிந்தது. தூண் திரும்பி வந்தது. அப்படித் திரும்பியவை மிகச் சில.

2001இல் சான் பர்தோலோ என்ற இடத்தில் வில்லியம் சட்டர்னோ நிழல் தேடி ஒரு கொள்ளையர் சுரங்கத்துக்குள் நுழைந்தார். சுற்றி அலைந்து நீரும் உணவும் தீர்ந்த நிலை. கைவிளக்கைச் சுவரில் அடித்தபோது, கி.மு. 100ஐ ஒட்டித் தீட்டிய, மாயா ஓவியங்களில் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று எதிரே தெரிந்தது. கொள்ளையரால் கிடைத்த நன்மை என்று இதைச் சிலர் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கவில்லை. அதே சுரங்கம் ஓவியத்தின் ஒரு பகுதியை உடைத்துக்கொண்டுதான் உள்ளே போயிருந்தது.

இந்தக் காடும் இடிபாடும் இன்று யாருடைய காவலில் இருக்கின்றன? 1990இல் குவாத்தமாலா ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர் பரப்பை மாயா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதில் தேசியப் பூங்காக்களும் உண்டு; ஊர்மக்களே ஒப்பந்த அடிப்படையில் பராமரிக்கும் பகுதிகளும் உண்டு. 36 ஆண்டு உள்நாட்டுப் போர் 1996இல் முடிவுக்கு வந்தது. 2 லட்சம் பேர் மாண்டோ காணாமலோ போன போர் அது. அடையாளம் தெரிந்த பலியானோரில் 83 சதவீதம் மாயா மக்கள் என்று உண்மையறியும் ஆணையம் 1999இல் எழுதியது. சமாதானத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான் கார்மெலிதா, உவாஷக்தூன் போன்ற ஊர்களுக்குக் காட்டுரிமை கிடைத்தது. அளந்து, எண்ணி, சுழற்சி முறையில் சில மரங்களை மட்டும் வெட்டுகிறார்கள். சாத்தே பனையின் இலையைப் பூக்கடைகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். இன்றும் கொஞ்சம் சப்போட்டாப் பால் இறக்குகிறார்கள். தீ பரவாமல் காவல் சுற்றுகிறார்கள்.

பலன் விண்கோள் படங்களில் தெரிகிறது. மேற்கே லகுனா தெல் திக்ரே தேசியப் பூங்கா, சட்டப்படி முழுப் பாதுகாப்பு பெற்றது. அங்கே மாட்டுப் பண்ணைகளும் நில அபகரிப்பும் காட்டைப் பெருமளவு தின்றுவிட்டன. ஊர்களின் ஒப்பந்தப் பகுதிகளிலோ காட்டழிவு மிகக் குறைவு. எல்லா ஒப்பந்தமும் வென்றதாகச் சொல்ல முடியாது. கார்மெலிதாவுக்குத் தெற்கே சில ஒப்பந்தங்கள் பண்ணைக்காரர்களிடம் நிலம் பறிபோய் ரத்தாயின. அதையும் கணக்கில் சேர்த்தே சொல்கிறேன்: ஆளில்லாப் பூங்காவைவிட, பிழைப்புக்குக் காட்டையே நம்பிய ஊர் அதை நன்றாகக் காத்திருக்கிறது.

இதற்கு எதிரான யோசனைகள் அவ்வப்போது எழுகின்றன. மிரதோர் வட்டாரத்தைத் தனி வனப்பகுதியாக்கி மரம்வெட்டலை முழுதும் நிறுத்துவது, சிறு ரயில் விட்டுப் பெருந்திரளாகப் பயணிகளைக் கொண்டுவருவது என்பன அவற்றுள் சில. இதற்கு நிதி ஒதுக்கும் மசோதா 2019இல் அமெரிக்க செனட் வரை போனது. ஊர்களின் கூட்டமைப்பான அகோஃபோப் கடுமையாக எதிர்த்தது. தங்களைக் கேட்காமல் தங்கள் காட்டைப் பற்றி வேறொரு நாட்டு மன்றத்தில் சட்டம் எழுதுவதா என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் அவர்கள் பக்கம். எல்லைக்கு அப்பால் மெக்சிகோவில் 1,500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மாயா ரயில் 2023இல் ஓடத் தொடங்கியது. காலக்முலுக்கும் நிலையம் உண்டு. பாதை போட விழுந்த மரங்களும், சுண்ணாம்புக் குகைகளுக்குள் இறக்கிய தூண்களும் என்ன விளைவிக்கும் என்பது இனித்தான் தெரியும். சாலை வந்த இடத்தில் முதலில் பயணி வருவார், பின்னால் மாடு வரும். பெத்தேனின் தெற்கில் இதுதான் நடந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ் மூன்றும் சேர்ந்து 57 லட்சம் ஹெக்டேர் மாயா பெருங்காட்டைக் கூட்டாகக் காப்பதாக அறிவித்திருக்கின்றன. அறிவிப்பு நல்லது. அதில் கார்மெலிதா போன்ற ஊர்களுக்கு என்ன இடம் என்பதை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும்.

மிரதோருக்கு ஹெலிகாப்டரிலும் போகலாம், உச்சியைப் பார்த்துவிட்டு உடனே திரும்பலாம். வசதி உள்ளவர்கள் போகிறார்கள். வயதாலோ உடல்நிலையாலோ நடக்க முடியாதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நடக்க முடிந்தவர்களுக்கு என் வேண்டுகோள் இது. போவதானால் கோடையில் போங்கள். ஃப்ளோரெஸில் தரகரிடம் பேரம் பேசாமல் கார்மெலிதா கூட்டுறவுச் சங்கத்திடமே வழிகாட்டி, சமையல்காரர், கழுதைக்காரர் மூவரையும் அமர்த்துங்கள். குளங்களின் கரையையும் மேட்டுச்சாலையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கோயில்களை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அறுபட்ட கல்தூண் கண்ணில் பட்டால் அதன் முகம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று ஊர் திரும்பியதும் தேடிப் பாருங்கள், அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கார்மெலிதாவின் காட்டுரிமை ஒப்பந்தம் 2019இல் மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் அந்த ஊரில் செலவழிக்கும் பணம் அடுத்த நீட்டிப்புக்கு அவர்கள் வாதாடும்போது துணை நிற்கும்.